கூட்டிப் பெருக்கிய வீட்டில் யார் குடியேறுவது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கடனில் தவிப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் மறையுரைகள் நிறைய உண்டு. கடனை அடைத்து முடித்தவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கடைசித் தவணை கட்டியாயிற்று, அடகு நகை வீட்டுக்கு வந்தாயிற்று, இனி அவர்களுக்கு என்ன குறை என்று விட்டுவிடுகிறோம். வீடு வீடாகப் போய்வருகிற பங்குத்தந்தை என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கடைசித் தவணைக்குப் பிந்திய ஓராண்டுதான் பல குடும்பங்களுக்கு ஆபத்தான ஆண்டு. மீட்டு வந்த சங்கிலி மறுபடியும் அதே கடைப் பெட்டிக்குள் போவதை அந்த ஓராண்டுக்குள்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆண்டவர் இயேசு சொன்ன சிறு கதை ஒன்று உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதரை விட்டு வெளியேறிய தீய ஆவி வறண்ட இடங்களில் எல்லாம் அலைகிறது. தங்க இடம் கிடைக்கவில்லை. புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது. வீடு கூட்டிப் பெருக்கி, ஒழுங்காக இருக்கிறது, ஆனால் உள்ளே ஆளில்லை. உடனே போய்த் தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறிவிடுகிறது. மத்தேயு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்திலும் லூக்காவின் 11ஆம் அதிகாரத்திலும் இது இருக்கிறது. பேயோட்டுவதைப் பற்றிய கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அந்த வீட்டுக்காரர் வீட்டைச் சுத்தம் செய்தார்; யாரையும் குடிவைக்கவில்லை. கடன் அடைந்த வீட்டுக்கும் நடப்பது இதுதான்.

மாதம் மூவாயிரம் ரூபாய் வட்டி கட்டி வந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கடன் முடிந்த மறுமாதம் அந்த மூவாயிரம் கையில் நிற்கிறது. நின்றுகொண்டே இருக்குமா? ஒரு வாரத்தில் தவணைக்கு ஒரு செல்போன் வருகிறது. அடுத்த மாதம் மகன் பைக் கேட்கிறான். "இத்தனை வருசம் கஷ்டப்பட்டோமே, பிள்ளையின் புதுநன்மையையாவது நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டாமா?" என்று பந்தலும் பிரியாணியும் வருகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் பாவமில்லை. எல்லாம் சேர்ந்து ஏழு ஆவிகள்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. நம் பகுதியில் எத்தனையோ தாய்மார்கள் குழுக்கடன் வாங்கி வாரத் தவணை கட்டுகிறார்கள். குறித்த கிழமை, குறித்த மணிக்கு, குறித்த வீட்டுத் திண்ணையில் பணத்தோடு இருக்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் மழை என்றாலும் கட்டியாக வேண்டும். இரண்டு ஆண்டு ஒரு வாரமும் தவறாமல் கட்டி முடித்த ஒரு பெண்ணிடம் சேமிக்கச் சொன்னால், "நமக்கெல்லாம் எங்கே சாமி சேமிக்க முடியும்?" என்கிறார். அம்மா, நூறு வாரம் நீங்கள் செய்தது என்ன? தவறாமல் பணத்தை ஒதுக்கி வைக்க உங்களால் முடியும் என்று நூறு முறை நிரூபித்திருக்கிறீர்கள். பணம் மட்டும் வேறொருவர் பைக்குள் போனது. கடன் போகட்டும், அந்தக் கிழமைப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடன் உங்கள் வீட்டில் விட்டுப்போகிற ஒரே நல்ல பொருள் அது.

சேமிப்புக்கு வருமுன், கடன் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பணம் கட்டி முடிப்பதும் கணக்கு முடிப்பதும் ஒன்றல்ல. வங்கியோ நிதி நிறுவனமோ ஆனால், பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் கடனுக்காக வாங்கி வைத்த வீட்டுப் பத்திரம் போன்ற மூல ஆவணங்களை, முழுத் தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் தரப்பில் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இது தெரியாமல் ஆறு மாதம் பத்திரத்துக்காக நடையாய் நடப்பவர்கள் இருக்கிறார்கள். பத்திரத்தை அடமானமாகப் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வண்டிக் கடன் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும். தனியாரிடம் வாங்கிய கைக்கடன் என்றால் புரோநோட்டு, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, வெற்று முத்திரைத் தாள் எல்லாவற்றையும் கையோடு வாங்கிக் கிழித்துவிடுங்கள். "அவர் நல்லவர், அப்படியெல்லாம் செய்யமாட்டார்" என்று விட்டு வைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிற மகன் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது.

இனி அந்த மூவாயிரத்துக்கு வருவோம். நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியவர் மாதம் மூவாயிரம் வட்டி கட்டுகிறார். ஐந்து ஆண்டில் 1,80,000 ரூபாய் போயிருக்கும், அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். அதே மூவாயிரத்தை அதே தேதியில் அஞ்சலகத் தொடர் வைப்பில் ஐந்து ஆண்டு கட்டினால், ஆண்டுக்கு 6.7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 2,14,000 ரூபாய் கைக்கு வரும். கட்டியது இரண்டு இடத்திலும் ஒரே 1,80,000தான். மூவாயிரம் முடியாது என்றால் மாதம் 100 ரூபாயிலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கலாம். 60 மாதம் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். தொடர்ந்து நான்கு மாதம் தவறினால் கணக்கு நின்றுவிடும். ஓராண்டு கட்டிய பிறகு அவசரம் என்றால், கட்டியிருப்பதில் பாதி வரை அதன் பேரிலேயே கடன் எடுக்கலாம். அடகுக் கடைக்கு ஓடுவதைவிட அது மேல். முக்கியமானது தேதி. சம்பளமோ கூலியோ தென்னைக் காய் விற்ற பணமோ, கைக்கு வந்த அன்றே, பழைய தவணை போன அதே நாளில் போக வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது.

இவ்வளவும் எந்த ஊரில் இருப்பவருக்கும் சொல்லலாம். புதுக்கோட்டைக்காரர்களான நமக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், நான் அடுத்ததாகக் கேட்பது, "மொய் நோட்டு?"

வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம் பக்கமும், தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும் மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறி விருந்து வைப்பார்கள். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. அப்போது ஒவ்வொருவர் பெயருக்கும் தனி மேசை, தனிப் பாத்திரம், தனி எழுத்தர். பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வருகிறவர் மொய் செய்கிறார், பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறுகின்றன. பெரிய விருந்துகளில் வசூல் லட்சங்களைத் தாண்டுகிறது. ஒருவர் ஒருமுறை விருந்து வைத்தால், அடுத்த விருந்துக்குச் சில ஆண்டுகள், வழக்கமாக ஐந்து ஆண்டு, காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில், தனக்கு மொய் செய்தவர்கள் விருந்து வைக்கும்போதெல்லாம் வாங்கியதைக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். கூடுதலாகச் செய்த தொகை புது மொய். அது அவருக்கு வரவேண்டிய பாக்கி.

இதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஈடு கேட்காமல், வட்டி இல்லாமல், ஒரு சாதாரண விவசாயி கையில் ஒரே நாளில் பெருந்தொகை சேர்வதற்கு வேறு வழி என்ன இருந்தது? ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், நிலம் வாங்கியவர்கள், மகளைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் இந்தப் பணத்தில் எழுந்திருக்கிறார்கள். ஆனால் அது சேமிப்பா, கடனா என்று கேட்டால், இரண்டும்தான். மொய் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. நாம் செய்தது சேமிப்பு, நமக்கு வந்தது கடன். ஊரார் "நல்ல மொய் வந்ததாமே" என்று பேசும்போது நம் மனது முதல் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. மொய்ப் பணத்தில் கார் வாங்கியவருக்கும் மொய்ப் பணத்தில் கிணறு வெட்டியவருக்கும் திருப்பிச் செய்ய வேண்டிய தொகை ஒன்றுதான். கிணறு தண்ணீர் தரும், கார் பெட்ரோல் கேட்கும்.

ஆகவே வங்கிக் கடன் முடிந்ததும் ஒரு மாலை வேளையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து மொய் நோட்டைக் கூட்டிப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், அவர்களில் யார் வீட்டில் அடுத்த ஆடியில் விருந்து வரக்கூடும் என்று எழுதுங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். ஆடிக்கு முதல் வாரம் நகையோடு அடகுக் கடையில் நிற்கிற வரிசையில் மொய் திருப்பிச் செய்யப் போகிறவர்களே அதிகம் என்பது உங்களுக்கும் தெரியும். வட்டியில்லாக் கடனை வட்டிக்கு வாங்கி அடைப்பது எவ்வளவு விபரீதம்!

அந்தச் சேமிப்பும் ஒருநாள் சோதிக்கப்பட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது. ஆலங்குடி, அறந்தாங்கி பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் வேரோடு கிடந்ததை நாம் பார்த்தோம். நம் மக்கள் தென்னையை மரமாக வளர்க்கவில்லை, பிள்ளையாக வளர்த்தார்கள்; ஆகவேதான் அதைத் தென்னம்பிள்ளை என்கிறோம். அவர்களுடைய வங்கியும் அதுதான். ஒரே இரவில் அந்த வங்கி சாய்ந்தது. மறுபடி நட்டால் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அப்போது மொய்யை நம்பலாமா என்றால், மொய் செய்ய வேண்டியவர் தோப்பும் சாய்ந்து கிடந்தது. அதன் பின்னும், கொரோனா ஆண்டுகளிலும், பல விருந்துகள் தள்ளிப்போயின, நடந்தவற்றிலும் வசூல் சுருங்கியது. ஒரே ஊரில், ஒரே பயிரில், ஒரே வட்டத்து மனிதர்களிடம் எல்லாச் சேமிப்பையும் வைத்தால், தேவை வரும் நாளில் எல்லோருக்கும் ஒன்றாகவே தேவை வரும். மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம், மரத்திலும் இல்லாமல் மொய்யிலும் இல்லாமல், நினைத்த மணி நேரத்தில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

புயல் எப்போதோ வரும். நோய் எப்போதும் வரும். கடன் முடிந்த வீட்டை மறுபடி கடனில் தள்ளுவது பெரும்பாலும் மருத்துவமனைதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா, அதில் மருமகள் பெயரும் பேரப்பிள்ளை பெயரும் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். இரண்டு டீ, ஒரு வடை விலையில் ஒரு காப்பீடு. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, நாளைக்கே செய்துவிடலாம்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: "நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்கிறார் ஆண்டவர், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியவரை அறிவிலி என்கிறார், நீங்களோ சேர்த்து வைக்கச் சொல்கிறீர்களே சாமி?" நல்ல கேள்வி. லூக்கா 12இல் வரும் அந்தச் செல்வர் தன் நெஞ்சோடு மட்டுமே பேசுகிறார். அவர் பேச்சில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, வேலையாள் இல்லை, எல்லாம் "நான்", "என்". அவருடைய குற்றம் களஞ்சியம் கட்டியதில் இல்லை. தொடக்க நூலில் யோசேப்பும் களஞ்சியம் கட்டினார். செழிப்பான ஏழு ஆண்டிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார். அதனால் பஞ்சத்தின் ஏழு ஆண்டும் மக்கள் பிழைத்தார்கள்.

யோசேப்பின் கதையை நாம் அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். குருமடத்தில் பாடம் கேட்ட நாளிலிருந்து என்னை உறுத்துவது 47ஆம் அதிகாரம். அதைத் திருப்பலியில் அதிகம் கேட்கமாட்டீர்கள், வீட்டில் எடுத்து வாசியுங்கள். பஞ்சம் வந்தது. எகிப்தியர் முதலில் பணம் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்தது, ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது, அடுத்த ஆண்டு நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்குக் கொடுத்தார்கள். அந்தத் தானியம் யாருடையது? அவர்கள் வயலில் விளைந்ததுதான். ஆனால் களஞ்சியம் பார்வோனுடையது, சாவி அரண்மனையில். சேமிப்பு இருந்தால் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒருவன் பிழைப்பதும் அடிமையாவதும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் மாவட்டத்துக் கல்குவாரிகளில் இதை நாம் கண்ணாரக் கண்டோம். குவாரித் தொழிலாளியைப் பிணைத்துவைத்தது சங்கிலி அல்ல, முன்பணம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் வாங்கிய முன்பணத்துக்குக் கல் உடைத்து உடைத்து, கணக்கு குத்தகைக்காரர் நோட்டில் மட்டும் இருக்க, கணவன் வாங்கியதற்கு மனைவியும் பிள்ளையும் உடைத்த காலம் அதற்குப் பின்னும் இருந்தது. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் நம் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, குவாரிகளைப் பெண் தொழிலாளர்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். அதே காலத்தில்தான் அறிவொளி இயக்கமும் நடந்தது. பெண்கள் கையெழுத்துப் போடவும் மிதிவண்டி ஓட்டவும் கற்றார்கள். மாலையில் ஊர்ச் சாலையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் சைக்கிள் பழகியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கல் உடைத்தவர்களே குத்தகைதாரர் ஆனார்கள். கூலி வாங்கிய கை, கூலியைக் கணக்கெழுதியது. எத்தனை யூனிட் கல் ஏறியது, எவ்வளவு வந்தது என்று அவர்களுக்கே தெரிந்தது. பழைய குத்தகைக்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் அந்த ஏற்பாடு தளர்ந்து, குவாரிகள் பழையபடி பெண்கள் கையை விட்டுப் போயின. அது வருத்தத்துக்குரிய வரலாறுதான். ஆனாலும் குத்தகை போனபோது கையெழுத்து போகவில்லை, சைக்கிள் போகவில்லை. பாஸ்புக்கைத் திறந்து தானே வாசிக்கத் தெரிந்த பெண்ணைப் பழைய முன்பண நோட்டுக்குள் திரும்ப அடைப்பது முன்போல எளிதில்லை.

நம் திருச்சபையும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. சோட்டா நாக்பூரில், இன்றைய ஜார்கண்டில், மகாஜன்களிடம் கடன்பட்டு நிலத்தை இழந்துகொண்டிருந்த ஆதிவாசி மக்களிடையே ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு பணியாற்றினார். முண்டாரி மொழிக்குக் கலைக்களஞ்சியம் தொகுத்த அறிஞர் அவர். ஆதிவாசிகளின் நிலத்தைக் காக்கும் 1908ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சட்டம் வந்ததும் தன் வேலை முடிந்தது என்று அவர் உட்காரவில்லை. நிலம் மீண்டாலும், அடுத்த பஞ்சத்தில் விதைநெல்லுக்கு அதே மகாஜன் வாசலில் நின்றால் என்ன பயன்? 1909இல் சோட்டா நாக்பூர் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். பணம் புழங்காத ஊர்களில் 'கோலா' என்ற நெற்களஞ்சியங்கள் இருந்தன. அறுவடையில் போட்டு வைத்த நெல்லைப் பஞ்ச மாதத்தில் கடனாக எடுத்து, அடுத்த அறுவடையில் நெல்லாகவே திருப்பலாம். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர் என்பதற்காக அவர் இந்தியாவை விட்டு அனுப்பப்பட்டார். சங்கம் நிற்கவில்லை, நூறு ஆண்டைத் தாண்டியது. சாவி மக்கள் கையில் இருந்ததால் குரு போனபின்பும் களஞ்சியம் திறந்திருந்தது. (தாங்கள் மாற்றலாகிப் போனால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைக்கும் என்னைப் போன்ற குருக்கள் அறிய வேண்டிய செய்தி.)

இதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1904இல், நம் தமிழகத்தில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் விவசாயிகளின் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியிருந்தது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மானியக் கிராமங்களில் ரைஃபைசன் என்பவர் நடத்திக் காட்டிய முறையை ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் பலன் அது. இன்று ஒவ்வொரு ஊரிலும் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாம் அதைக் கடன் வாங்கும் இடமாகவும், தள்ளுபடி எப்போது வரும் என்று கேட்கும் இடமாகவும் மட்டுமே பார்க்கிறோம்.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதில் ஏமாறாதீர்கள். வங்கியிலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் போடும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டு. 2020 பிப்ரவரியில் அது ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்க வைப்புக்கு அந்தக் காப்பீடு கிடையாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டு என்றால் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். தீபாவளிச் சீட்டு நடத்துகிறவர் தினமும் திருப்பலிக்கு வருகிறார் என்பது பதிவுச் சான்றிதழ் ஆகாது.

பழக்கம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், நம் பாட்டிமார் செய்ததைச் சொல்வேன். உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். பல பங்குகளில் அந்தப் பிடி அரிசி கோவிலுக்கும் ஏழைகளுக்கும் போனது. ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பசியோடு எழுந்திருக்கவில்லை. எடுத்த இடத்தைக் கவனியுங்கள்: சாப்பிட்டு மிஞ்சியதில் அல்ல, உலைக்குப் போகும் முன். கடன் முடிந்த வீட்டில் பிள்ளைகள் கையால் இதைத் தொடங்கிவைக்கலாம். அதில் ஒரு பங்கை வின்சென்ட் தே பவுல் சபை வழியாகவோ அன்பியம் வழியாகவோ இல்லாதவருக்குக் கொடுங்கள். கொடுக்கப் பழகாத சேமிப்பு லூக்கா 12இல் வரும் களஞ்சியமாகிவிடும். குடிக்குச் செலவாகும் பணத்தைப் பற்றி இங்கே நான் தனியாகப் பேசப்போவதில்லை. கடன் வாங்கிக் குடித்தவர்களைவிட, கடன் முடிந்த சந்தோஷத்தில் குடிக்கத் தொடங்கியவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

இன்னொரு சோதனை உறவு வழியாக வரும். கடனில் இருந்தபோது எட்டிப் பார்க்காத மைத்துனர் இப்போது வருவார். "மாமா, உங்களுக்குத்தான் இப்ப கடன் இல்லையே, ஒரு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். பிறருக்குப் பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் நூலின் 6ஆம் அதிகாரம் கடுமையாக எச்சரிக்கிறது: தெரியாமல் சிக்கியிருந்தால் தூக்கத்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டுப் போய் விடுவித்துக்கொள் என்கிறது. உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரும்பி வராவிட்டாலும் உங்கள் பிள்ளையின் கல்விக் கட்டணம் பாதிக்காத அளவுக்கு, கையில் உள்ளதைக் கொடுங்கள், கொடுத்ததை மறந்துவிடுங்கள். கையெழுத்து வேண்டாம். "சாமியார் வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று என்மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அந்தப் பழியைச் சுமப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் நீங்கள் மறைத்து வைக்கும் பணம்தான் எத்தனையோ வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2016 நவம்பர் 8 இரவு நினைவிருக்கும். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், கணவருக்குத் தெரியாமல் சேர்த்ததையெல்லாம் அவர் கையிலேயே கொடுத்து மாற்றச் சொல்ல வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததா என்று நான் கேட்கமாட்டேன். பானையில் இருந்ததற்கு உங்கள் பெயர் இல்லை. ஆகவே கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், வாரிசு யார் என்று எழுதிவையுங்கள், பாஸ்புக்கை வரிக்கு வரி நீங்களே வாசியுங்கள், வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் மகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

அஞ்சலகத்துக்குப் போகும்போது ஆதார் அட்டை, பான் அட்டை, இரண்டு புகைப்படம், முதல் மாதத் தொகை இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். தேதியை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பழைய தவணை எந்தத் தேதியில் போனதோ, அந்தத் தேதி.